சப்ளையர் எல்லாரும் 'ரோஹ்ஸ் ஓகே' என்கிறார்கள், எக்ஸ்ஆர்எஃப் வேறு கணக்குக் காட்டுகிறது. எதை நம்புவது?

ஓசூர்_ஐக்யூசி (கேள்வி)

வணக்கம். ஓசூர்ப் பக்கம் ஒரு நடுத்தர அசெம்பிளி யூனிட்டில் உள்வரும் பொருள்களைச் சோதிக்கும் பிரிவிலிருந்து எழுதுகிறேன். தயாரிப்பு ஜெர்மனிக்குப் போகும் மின்விசிறிக் கன்ட்ரோல் யூனிட். ஒரு போர்டு, பவர் கார்டு, கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, நாலு ஸ்க்ரூ, கார்டு நுழையும் இடத்தில் பிவிசி கிராமெட். அவ்வளவுதான்.

இதுவரை ரோஹ்ஸுக்கு (மின்சாதனங்களில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி) ஒரு பக்கத்தில் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று இருந்த இறக்குமதியாளர், இப்போது ஈஎன் ஐஇசி 63000 படி முழு தொழில்நுட்பக் கோப்பும் வேண்டும் என்கிறார். பிஓஎம்மில் (பாகங்களின் பட்டியல்) 140 வரிகள். ஐசி, கெப்பாசிட்டர் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர்களின் தளத்திலேயே பொருள் அறிவிப்பு கிடைத்துவிடுகிறது. உள்ளூரில் வாங்கும் 35 பொருள்களில்தான் சிக்கல். அவற்றுக்கு வந்த சான்றிதழ்களில் பாதிக்கு மேல் 2017, 2018 தேதி. மூன்றில் இன்னும் 2002/95 என்ற பழைய டைரக்டிவ் எண்ணே இருக்கிறது.

வெளியிலிருந்து கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே கொண்டு தனிமங்களை அளக்கும் கருவி) வரவழைத்துப் பார்த்ததில் கிடைத்த அளவுகள் (எல்லாம் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு; 1,000 என்றால் 0.1%):

டெர்மினல் பிளாக்கின் பித்தளை: ஈயம் 28,400
பவர் கார்டு எர்த் ஒயர், பச்சை-மஞ்சள் இன்சுலேஷன்: ஈயம் 2,100, குரோமியம் 520
சிப் ரெசிஸ்டர் பக்கத்துச் சோல்டர் ஜாயின்ட்: ஈயம் 1,350
கறுப்புப் பெட்டி: புரோமின் 11,000, ஆன்டிமனி 4,000
எம்3 ஸ்க்ரூ, மஞ்சள் முலாம்: குரோமியம் இருக்கிறது, எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது
கிராமெட்: எதுவும் இல்லை

இதில் எது உண்மையில் தோல்வி, எது இல்லை? சான்றிதழ் கொடுத்த சப்ளையரிடம் எதைக் காட்டிப் பேசுவது? இத்தனை ஓட்டையோடு இந்த விதியை அதிகாரிகள் எப்படித்தான் அமல்படுத்துகிறார்கள்?

---

லேப்_வேதியியல்

நல்ல கேள்வி. அளவுகளையும் சேர்த்துப் போட்டதால் நேராகப் பேசலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு முழுச் சாதனத்துக்கும் இல்லை, முழு உதிரிப்பாகத்துக்கும் இல்லை. ஒருபடித்தான பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. வெட்டியோ, சுரண்டியோ, அரைத்தோ மேற்கொண்டு பிரிக்க முடியாத நிலைக்கு வந்த பிறகு, அந்தப் பொருளில் எடைக்கு 0.1% தான் ஈயம், பாதரசம், ஹெக்ஸா குரோம் (ஆறு இணைதிறன் குரோமியம்), பிபிபி, பிபிடிஈ என்ற இரு புரோமின் தீத்தடுப்பான் குடும்பங்கள், கூடவே நான்கு தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்கள்) ஒவ்வொன்றுக்கும் உச்சம். காட்மியத்துக்கு மட்டும் 0.01%.

உங்கள் பவர் கார்டையே எடுங்கள். வெளி உறை, பழுப்பு இன்சுலேஷன், நீல இன்சுலேஷன், பச்சை-மஞ்சளில் பச்சை தனி, மஞ்சள் கோடு தனி, செப்புக் கம்பி, பிளக் உடலின் பிவிசி, பின்னின் பித்தளை, அதன் மேல் நிக்கல் முலாம், உறையில் அச்சிட்ட மை. ஒரு கார்டிலேயே பத்துப் பொருள். மலிவான லேப் ரிப்போர்ட்டுகளில் நடக்கும் பெரிய கோளாறு இங்கேதான். கார்டை அப்படியே அரைத்து ஒரே மாதிரியாகச் சோதித்துவிடுகிறார்கள். எர்த் இன்சுலேஷன் கார்டின் மொத்த எடையில் 5% என்று வைத்தால், உங்களுடைய 2,100 பிபிஎம் ஈயம் அந்தக் கலவையில் 105 ஆகிவிடும். ரிப்போர்ட்டில் 'பாஸ்'. சப்ளையர் பொய் சொல்லவில்லை, ரிப்போர்ட்டும் பொய்யில்லை, ஆனால் கார்டு தோல்விதான். ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் மாதிரி எப்படிப் பிரிக்கப்பட்டது என்ற வரியையும் புகைப்படத்தையும் பாருங்கள். "கலவை மாதிரி" என்று இருந்தால் அதைக் கோப்பில் வைக்காதீர்கள்.

இப்போது ஒவ்வொன்றாக.

எர்த் ஒயர். இது தோல்வி. ஐஇசி 62321-3-1 படி பாலிமரில் ஈயம் 700-லிருந்து அளவீட்டுப் பிழையின் மூன்று மடங்கைக் கழித்த எண்ணுக்குக் கீழே என்றால் பாஸ். 1,300-உடன் அதே மூன்று மடங்கைக் கூட்டிய எண்ணுக்கு மேலே என்றால் தோல்வி. நடுவில் விழுந்தால் ஈரவேதியியல் சோதனைக்குப் (மாதிரியைக் கரைத்து லேபில் அளப்பது) போக வேண்டும். உங்கள் கருவியின் பிழை 40 என்று வைத்தாலும் மேல்கோடு 1,420. 2,100 அதைத் தாண்டிவிட்டது. அதைவிட முக்கியம், ஈயத்துக்கும் குரோமியத்துக்கும் உள்ள விகிதம். 2,100-ஐ 520-ஆல் வகுத்தால் 4.04. லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியில் ஈயமும் குரோமியமும் எடையில் கிட்டத்தட்ட 4-க்கு 1 தான் (207-க்கு 52). இது எங்கிருந்தோ ஒட்டிய அழுக்கு இல்லை, மாஸ்டர்பேட்சில் (பிளாஸ்டிக்கில் கலக்கும் நிறச் செறிவு) போட்ட நிறமி. எக்ஸ்ஆர்எஃப் பச்சையையும் மஞ்சளையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கும். மஞ்சள் கோட்டை மட்டும் சீவி எடுத்தால் எண் இன்னும் ஏறும். குரோமேட்டில் இருப்பது ஹெக்ஸா குரோம் என்பதால் மஞ்சளில் அதுவும் 1,000-ஐத் தாண்ட வாய்ப்புண்டு. சப்ளையரிடம் பேச இந்த விகிதம் ஒன்றே போதும். "எந்த மாஸ்டர்பேட்ச், எந்த நிறமி" என்று கேளுங்கள். "எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது" என்ற பதிலோடு விடாதீர்கள்.

பித்தளை. 28,400 என்றால் 2.84%. செப்புக் கலவைகளில் 4% வரை ஈயத்துக்கு விலக்கு 6(சி) இருந்து வருகிறது. கடைசலில் சீவல் துண்டு துண்டாக உடைய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் ஈயம் அது. விலக்குக்குள் வருகிறது, ஆனால் தானாக வராது. உங்கள் கோப்பில் "இந்தப் பாகம், இந்த விலக்கு எண்" என்று எழுதினால்தான் செல்லும். விலக்குகளுக்குக் காலக்கெடு உண்டு. சிஎஃப்எல் விளக்குகளின் பாதரச விலக்கு 2023 பிப்ரவரியோடும், டி5, டி8 குழல் விளக்குகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டோடும் முடிந்தது. அதன் பிறகு அவற்றைப் புதிதாகச் சந்தைக்கு அனுப்ப முடியவில்லை. ஈயத்துக்கான 6, 7 வரிசை விலக்குகளும் திருத்தப்பட்டு வருகின்றன. அனுப்பும் நாளில் நடைமுறையில் உள்ள பட்டியலை எடுத்து எழுதுங்கள், பழைய எக்செலை அல்ல.

சோல்டர் ஜாயின்ட். இந்த எண்ணை வைத்து முடிவெடுக்கவே முடியாது. கையடக்கக் கருவியின் கற்றை பல மில்லிமீட்டர் அகலம். அதற்குள் சோல்டரும் விழும், ரெசிஸ்டரும் விழும், போர்டும் விழும். சிப் ரெசிஸ்டரின் மேல்பூச்சுக் கண்ணாடியில் ஈயம் இருப்பது சாதாரணம், கண்ணாடி-பீங்கான் விலக்கில் அது வரும். கலவைப் பொருளுக்கான சோதனைக் கோடு 500-க்கும் 1,500-க்கும் இடையே என்பதால் 1,350 'முடிவில்லை' வகை. பெரிய த்ரூ-ஹோல் ஜாயின்டுகளில் சோல்டரை மட்டும் கூரிய கத்தியால் சீவி, அரை கிராமாவது சேர்த்து ஐசிபி-க்கு (தனிமங்களைத் துல்லியமாக அளக்கும் லேப் சோதனை) அனுப்புங்கள். சோல்டர் விக் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டாம், செப்பு கலந்து ஈயத்தின் சதவீதம் குறைந்துவிடும்.

பெட்டி. எக்ஸ்ஆர்எஃப் மொத்தப் புரோமினைத்தான் காட்டும். பாலிமரில் 300-ஐத் தாண்டினாலே மேல் சோதனை வேண்டும். புரோமினும் ஆன்டிமனியும் ஜோடியாக வந்தால் தீத்தடுப்பான் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அது தடை செய்யப்பட்ட டெகா-பிடிஈயா, அனுமதிக்கப்பட்ட வேறொன்றா என்பது ஜிசி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் சோதனை) பார்க்காமல் தெரியாது. கறுப்பு நிறம், ஏபிஎஸ் அல்லது ஹிப்ஸ், விலையும் குறைவு என்றால் மறுசுழற்சி பிளாஸ்டிக் என்று சந்தேகிக்க வேண்டும். பழைய டிவி உடல்களிலிருந்து டெகா அப்படித்தான் திரும்பி வருகிறது. லேப் எடுக்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். டெகா சூட்டில் சிதையக்கூடியது. ஜிசி கருவியின் பிரிப்புக் குழாய் நீளமாக இருந்தால் பாதி காணாமல் போய்விடும். 15 மீட்டர் போன்ற குட்டைக் குழாயா என்று விசாரியுங்கள். எஃப்ஆர்4 (கண்ணாடியிழை-ரெசின்) போர்டில் புரோமின் வந்தால் மட்டும் பதற வேண்டாம். அங்கே இருப்பது பெரும்பாலும் ரெசினோடு பிணைந்த டிபிபிபிஏ என்ற தீத்தடுப்பான், அது ரோஹ்ஸ் பட்டியலில் இல்லை.

கிராமெட். "எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது இதுதான். தாலேட் கரிமச் சேர்மம், எக்ஸ்ஆர்எஃப் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. டிஈஎச்பி, பிபிபி (இது பென்சைல் பியூட்டைல் தாலேட், மேலே சொன்ன புரோமின் பிபிபி அல்ல), டிபிபி, டிஐபிபி என்ற நான்கு தாலேட்டுகளும் 2015/863 என்ற திருத்தத்தின் மூலம் சேர்ந்து 2019 ஜூலை 22 முதல் அமலில் உள்ளன. உங்கள் 2017, 2018 சான்றிதழ்களில் பலவற்றில் இவை இருக்கவே இருக்காது. மென்மையான பிவிசி எதுவானாலும் ஜிசி-எம்எஸ் அல்லது பைரோலிசிஸ் ஜிசி-எம்எஸ் கட்டாயம் போடுங்கள். எஃப்டிஐஆர் (அகச்சிவப்புச் சோதனை) மலிவு, ஆனால் தாலேட் குடும்பம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தடை செய்யப்பட்ட டிஈஎச்பியா, பட்டியலில் இல்லாத டிஐஎன்பியா என்று பிரித்துச் சொல்லாது.

ஸ்க்ரூ பற்றி முலாம் தொழில் தெரிந்தவர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

முலாம்_கோவை

ஸ்க்ரூவுக்கு நான் சொல்கிறேன்.

துத்தநாக முலாம் சில மைக்ரான், அதன் மேல் பாசிவேஷன் (அரிப்பைத் தடுக்கும்) படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. எக்ஸ்ஆர்எஃப் அதைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள இரும்பு வரை பார்க்கும். அதனால்தான் எண் ஆடுகிறது. மொத்தக் குரோமியம் எவ்வளவு என்பதில் பயனும் இல்லை, டிரைவேலன்ட் (தடையில்லாத மூன்று இணைதிறன் குரோமியம்) பாசிவேஷனிலும் குரோமியம் இருக்கத்தான் செய்யும்.

நிறத்தை வைத்தும் தீர்ப்பு சொல்லாதீர்கள். மஞ்சள் என்றால் ஹெக்ஸா, நீலம் என்றால் டிரைவேலன்ட் என்று எல்லாரும் சொல்வார்கள். டிரைவேலன்ட் மேல் மஞ்சள் சாயம் ஏற்றித் தருவதும் உண்டு, பழைய நீல பாசிவேஷனில் ஹெக்ஸா இருந்ததும் உண்டு. ஆனால் ஏற்றுமதிப் பொருளுக்கு மஞ்சள் ஸ்க்ரூவை ஏன் வாங்க வேண்டும்? ஆர்டரிலேயே "டிரைவேலன்ட், கோபால்ட் இல்லாத, வெள்ளை" என்று எழுதிவிடுங்கள்.

சோதனை ஐஇசி 62321-7-1. படலத்தை எடை போட முடியாது என்பதால் இங்கே மட்டும் பரப்புக் கணக்கு. 50 சதுர செ.மீ. பரப்புள்ள மாதிரியைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, டைபினைல்கார்பசைடு சேர்த்து நிறமானியில் பார்ப்பார்கள். சதுர செ.மீ.க்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இல்லை, 0.13-க்கு மேலே என்றால் இருக்கிறது, நடுவில் என்றால் புது மாதிரி எடுத்து மறுபடி. எம்3, 8 மி.மீ. ஸ்க்ரூ ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர செ.மீ. அதனால் ஒரு சோதனைக்கு 25-30 ஸ்க்ரூ வேண்டும். நாலைந்து ஸ்க்ரூவை கவரில் போட்டு அனுப்பினால் லேப் திருப்பி அனுப்பும், இல்லையென்றால் பரப்பைத் தோராயமாகப் போட்டு அர்த்தமில்லாத எண்ணைத் தரும்.

டிரைவேலன்ட் என்று சொல்லி, அப்படியே செய்தும், தோல்வியாவதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஒரே பட்டறையில் இரண்டு தொட்டியும் ஓடும். பேரலும் கழுவு தொட்டியும் பொது. ஹெக்ஸா தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக மற்றதுக்குப் போய்விடும். நேரில் போய்ப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரியும். இரண்டாவது, கோபால்ட் சேர்த்த டிரைவேலன்ட் படலம் ஈரமும் சூடும் உள்ள கிடங்கில் கிடந்தால் காலப்போக்கில் சிறிதளவு ஹெக்ஸாவாக மாறும். முலாம் போட்ட வாரத்தில் பாஸான லாட், மழைக்காலம் முழுக்க குடோனில் இருந்துவிட்டுக் கடலேறி ஹாம்பர்க் போய் இறங்கியதும் தோல்வியாகலாம். அதனால்தான் கோபால்ட் இல்லாதது கேளுங்கள் என்றேன்.

ஹீட்சிங்க் அலுமினியமா? அதில் தங்க நிறக் குரோமேட் பூச்சு இருந்தால் அதையும் இதே சோதனைக்கு அனுப்புங்கள். யாரும் கவனிக்காமல் தப்பிக்கும் இடம் அது.

---

வேவ்லைன்

வாங்கும் பொருளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். லைனுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். சோல்டர் ஜாயின்டை எந்த சப்ளையரும் செய்து தருவதில்லை, உங்கள் வேவ் மெஷினில்தான் (போர்டை உருகிய சோல்டர் அலை மேல் ஓட்டும் இயந்திரம்) உருவாகிறது. அதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 300 கிலோ பாட் (உருகிய சோல்டர் தொட்டி). 0.1% வரம்பு என்றால் மொத்தம் 300 கிராம் ஈயம். 63/37 (வெள்ளீயம்/ஈயம்) சோல்டர் பாரில் 37% ஈயம், ஆகவே 811 கிராம் பார் விழுந்தாலே வரம்பு தொட்டுவிடும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் தவறான ரேக்கிலிருந்து ஒரு கிலோ பார் ஒன்றை எடுத்துப் போட்டால் பாட் 0.12%க்குப் போய்விடும். அன்று முதல் வெளிவரும் ஒவ்வொரு போர்டும் விதிமீறல். இதில் புதிய லெட்-ஃப்ரீ பாரிலேயே சிறிது ஈயம் இருக்கும். பாட் ஏற்கெனவே 0.04%-ல் நிற்கிறது என்றால் மிச்ச இடம் 180 கிராம் மட்டுமே.

பார் போடாமலும் ஏறும். உள்ளூர் பிசிபி கடை லெட்-ஃப்ரீ எச்ஏஎஸ்எல் (போர்டின் பேட்களில் ஏற்றும் சோல்டர் பூச்சு) என்று சொல்லி ஈயமுள்ள எச்ஏஎஸ்எல் கொடுத்துவிட்டது என்று வையுங்கள். போர்டின் கீழ்ப்பக்கம் 20 சதுர செ.மீ. திறந்த பேட், பூச்சு 10 மைக்ரான். ஒரு போர்டில் சுமார் 0.17 கிராம் சோல்டர், அதில் 0.06 கிராம் ஈயம். முழுதும் பாட்டில் கரைந்தால் ஏறத்தாழ 2,900 போர்டில் அந்த 180 கிராமும் தீர்ந்துவிடும். போர்டோடு சேர்ந்து சோல்டர் வெளியே போவதால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பழைய ஸ்டாக் ட்ரான்ஸ்ஃபார்மர், ரிலே ஆகியவற்றின் கால்களில் உள்ள வெள்ளீயம்-ஈயப் பூச்சும் இதே வேலையைச் செய்யும்.

மாதம் ஒருமுறையாவது பாட் மாதிரி எடுங்கள். மேலே உள்ள கசடை ஒதுக்கி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, இயங்கும் வெப்பநிலையில், நடு ஆழத்திலிருந்து கரண்டியில் அள்ளி அச்சில் ஊற்றி வில்லையாக்குங்கள். கரண்டி லெட்-ஃப்ரீக்கு மட்டும் என்று தனியாக இருக்கட்டும். தேதி, மெஷின் எண், போர்டு லாட் எண்களோடு பதிவு செய்யுங்கள். 0.07% தொட்டாலே காரணம் தேடத் தொடங்குங்கள், 0.1% வரை காத்திருக்க வேண்டாம். ஏறிய ஈயத்தை வடிகட்டி எடுக்க வழியில்லை, பாட்டை இறக்கி மாற்றத்தான் வேண்டும். 0.14%-ல் இருக்கும் 300 கிலோவில் பாதியை இறக்கி 0.03% உள்ள புது பார் போட்டால் 0.085%க்கு வரும். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும் என்று நினைத்தால் வரம்புக்கு மேலேயே நிற்கும். இறக்கிய உலோகத்தை ஈயமுள்ளது என்று குறித்து மீட்பவரிடம் கொடுங்கள், மறுபடி ரேக்கில் அடுக்காதீர்கள்.

ரீவொர்க் மேசை அடுத்த ஆபத்து. பாதுகாப்புத் துறை, விண்வெளிக் கருவிகள் ரோஹ்ஸ் எல்லைக்கு வெளியே. அந்த வேலையும் எடுக்கும் யூனிட்டில் ஈயமுள்ள சோல்டர் ஒயர் சட்டப்படியே இருக்கும். ஒரே அயர்ன், ஒரே டிப், ஒரே ஸ்பாஞ்ச் என்றால் கலக்காமல் இருக்காது. 183 டிகிரியில் உருகுவது வேலை செய்பவருக்கு எளிது, 217 டிகிரியில் உருகும் லெட்-ஃப்ரீ சாக் 305 கடினம். கை தானாக எளிதானதைத்தான் எடுக்கும். இரண்டு மேசை, இரண்டு நிற டேப், ஒயர் கொடுக்கும் இடத்தில் கையெழுத்து. இதைத் தவிர வேறு வழி நான் பார்த்ததில்லை.

தாலேட்டும் லைனில் ஒட்டும். மேசை மேல் விரித்த பழைய பிவிசி ஷீட், வினைல் கையுறை, பிவிசி டேப் இவற்றில் டிஈஎச்பி கணிசமாக இருக்கலாம். தாலேட் இல்லாத கிராமெட்டை அதன் மேல் வாரக்கணக்கில் வைத்தால் இதிலிருந்து அதற்கு ஏறும். மென்மையான பொருளை பாலிஎத்திலீன் பையில் வையுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள்.

---

ஓசூர்_ஐக்யூசி

எல்லாருக்கும் மிக்க நன்றி. எர்த் ஒயரின் 4-க்கு 1 விகிதம் கண்ணில் படவே இல்லை. அந்த கார்டு லாட்டை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். 35 பொருளையும் பிரித்தால் நூறுக்கு மேல் ஒருபடித்தான பொருள் வரும். அத்தனைக்கும் லேப் செலவு தாங்காது. எங்கே நிறுத்துவது? இந்தியாவில் விற்கும் அதே யூனிட்டுக்கும் இதே கோப்பு செல்லுமா?

---

கோப்பு_இணக்கம்

ஈஎன் ஐஇசி 63000 எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்வி: இந்த வகைப் பொருளில் தடை செய்யப்பட்டது இருக்க வாய்ப்பு எவ்வளவு, இந்த சப்ளையரை நம்ப ஆதாரம் எவ்வளவு. இரண்டையும் சேர்த்துத்தான் அறிவிப்பு போதுமா, முழுப் பொருள் விவரம் வேண்டுமா, சோதனை வேண்டுமா என்று முடிவு. அந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதிகாரி கோப்பில் தேடுவது அந்தக் காரணத்தைத்தான்.

உங்கள் பட்டியலில் பணம் போக வேண்டிய இடங்கள்: நிறமுள்ள பிவிசி எல்லாம், மென்மையான பிளாஸ்டிக், கறுப்பு மறுசுழற்சிப் பிளாஸ்டிக், பாசிவேஷன் செய்த உலோகம், உங்கள் சோல்டர். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங், நிறமில்லாத நைலான் போன்றவற்றுக்கு நல்ல சப்ளையரின் அறிவிப்பே போதும். நூறு என்பது பதினைந்து, இருபதாகச் சுருங்கும்.

சான்றிதழ் வாங்கும்போது பாருங்கள்: 2011/65 (இப்போதைய ரோஹ்ஸ் டைரக்டிவ்) உடன் 2015/863 பெயரும் இருக்கிறதா, பத்துப் பொருளும் பட்டியலில் உள்ளனவா, உங்கள் பார்ட் எண்ணும் நிறமும் எழுதியிருக்கிறதா, விலக்கு பயன்படுத்தினால் எண் சொல்லியிருக்கிறதா, கையெழுத்துப் போட்டவர் யார். 2002/95 செல்லாமல் போனது 2013 ஜனவரியில். இன்று அந்த எண்ணைத் தாங்கி வரும் தாள் ஒன்றை மட்டும் நிரூபிக்கிறது: அந்த சப்ளையர் பத்தாண்டுக்கு மேலாக இதைப் படித்துப் பார்க்கவில்லை. ஆர்டரில் "மாஸ்டர்பேட்ச், முலாம் பட்டறை, ரெசின் மூலம் மாறினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்ற வரி சேருங்கள். பாதிச் சிக்கல் சோதனைக்குப் பிறகு நடக்கும் மாற்றத்தில்தான் வருகிறது. ஒயர் கம்பெனி மாறாது, ஆனால் அது மஞ்சள் மாஸ்டர்பேட்ச் வாங்கும் கடை மாறிவிடும்.

அமலாக்கம் பற்றிக் கேட்டீர்கள். ஐரோப்பாவில் ரோஹ்ஸ் சிஈ முத்திரைக்குள் (பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்ற குறி) வருகிறது, மூன்றாம் தரப்புச் சான்று கட்டாயமில்லை. தயாரிப்பாளரே உறுதிமொழி எழுதி, கோப்பை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் கண்காணிப்பு மாநில அதிகாரிகளின் கையில். அவர்கள் கடையிலிருந்து வாங்கி, பிரித்து, எக்ஸ்ஆர்எஃப் பார்த்து, சந்தேகம் வந்தால் ஈரவேதியியல் செய்து, கோப்பு கேட்பார்கள். உங்கள் வேலையேதான், எதிர்த்திசையில். ஆனால் ஒரு அலுவலகத்தால் சோதிக்க முடிவது சந்தைக்கு வருவதில் மிகச் சிறிய பங்கு. ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையின் அமலாக்க மன்றம் 2023 டிசம்பரில் வெளியிட்ட கூட்டுச் சோதனையில் 2,400-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பார்த்தார்கள். சார்ஜர், கேபிள், ஹெட்போன், மின் பொம்மை போன்ற மின்சாதனங்களில் 52% விதிமீறல். பெரும்பாலும் சோல்டரில் ஈயம், மென்பிளாஸ்டிக்கில் தாலேட், போர்டில் காட்மியம். விதி அமலாகி பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆன பிறகு இந்த நிலை. ஒழுங்காகக் கோப்பு வைக்கும் சிறு யூனிட்டுக்குச் செலவு, எதுவும் வைக்காமல் ஆன்லைனில் நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புபவருக்குச் செலவில்லை என்றால் அது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. 2021 ஜூலை முதல் 2019/1020 ஒழுங்குமுறை, ஐரோப்பாவுக்குள் பொறுப்பேற்கும் ஒருவர் இல்லாமல் இத்தகைய பொருளை விற்கக் கூடாது என்கிறது. உங்கள் இறக்குமதியாளர் திடீரென்று முழுக் கோப்பு கேட்பதை இந்தப் பின்னணியில் பாருங்கள். சிக்கல் வந்தால் அதிகாரி முதலில் தட்டுவது அவர் கதவை.

தடுத்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ரோஹ்ஸுக்கு முந்தைய உதாரணமே போதும். 2001 டிசம்பரில் நெதர்லாந்து, சோனி பிளேஸ்டேஷன் பெட்டிகள் 13 லட்சத்தைக் கேபிளில் காட்மியம் அதிகம் என்று நிறுத்தியது. கருவி நன்றாக வேலை செய்தது, பிரச்சினை துணை சப்ளையரின் கேபிளில்.

இந்தியா. 2011-ன் மின்கழிவு விதிகளின் வழியே இந்த வரம்புகள் 2014 மே 1 முதல் அமலில் உள்ளன. பிறகு 2016 விதிகள், இப்போது 2023 ஏப்ரல் 1 முதல் 2022-ன் விதிகள். வரம்புகள் அதே 0.1%, காட்மியத்துக்கு 0.01%. ஆனால் ஆறு பொருள்கள்தான், தாலேட்டுகள் இல்லை. ஐரோப்பியக் கோப்பு இங்கே தாராளமாகப் போதும். பயனர் கையேட்டில் தர வேண்டிய விவரம், விதிகளின் அட்டவணையில் உள்ள விலக்குகள் இவற்றை மட்டும் இந்திய வாசகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்ய முடியாது: இந்திய விதிக்கென்று எடுத்த ஆறு பொருள் ரிப்போர்ட் ஜெர்மனிக்குச் செல்லாது. உள்ளூர் சப்ளையர்கள் பலர் நல்ல எண்ணத்தோடே அதைத்தான் கொடுக்கிறார்கள்.

இங்கே கண்காணிப்பு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சந்தை மாதிரிச் சோதனை. தோற்றால் சோதனைச் செலவு தயாரிப்பாளருக்கு, பொருளைத் திருத்த வேண்டும், சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டும். ஓட்டை எங்கே என்றால், குறுந்தொழில்கள் இந்த விதிகளுக்கு வெளியே. இந்த விதி, செய்து முடித்த சாதனத்தைக் கட்டுப்படுத்துகிறது, ஈயமுள்ள சோல்டர் ஒயர் விற்பதைக் கட்டுப்படுத்தவில்லை. சென்னை ரிச்சி தெருவில் 60/40 ரீல் கேட்ட உடனே கிடைக்கும். உங்கள் டெர்மினல் பிளாக், கேபிள் ஹார்னஸ் செய்பவர் குறுந்தொழில் என்றால் அவருக்கு நேரடிச் சட்டப் பொறுப்பு இல்லை, முழுப் பாரமும் உங்கள் பிராண்டின் மேல். ஆகவே அவரிடம் சான்றிதழ் கேட்டு நெருக்குவதைவிட, அனுமதித்த மாஸ்டர்பேட்சையும் சோல்டரையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது மேல். செலவு அதிகமில்லை, லாட்டும் உங்கள் கையில்.

---

லேப்_வேதியியல்

மேலே சொன்னதோடு ஒன்று மட்டும். சொந்தமாகக் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாதம் நூற்றுக்கணக்கான லாட் வந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். வாங்கும் முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் பதிவும் அனுமதியும் வேண்டும், அதற்கான நேரத்தையும் கணக்கில் வையுங்கள். மாதிரியை விரலில் பிடித்துக்கொண்டு சுடக் கூடாது, மூடியுள்ள ஸ்டாண்டில் வைத்துத்தான். ஆர்சனிக் உள்ள பொருளில் ஈயம் இருப்பதுபோல் காட்டும், இரண்டின் முதல் கோடுகளும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. இரண்டாவது ஈயக் கோடு 12.6-ல் எழும்பியிருக்கிறதா என்று நிறமாலையைத் திறந்து பார்க்கப் பழகுங்கள். திரையில் வரும் பச்சை, சிவப்பு விளக்கை மட்டும் நம்பினால் நல்ல லாட்டைத் திருப்பி அனுப்புவீர்கள், கெட்டதை உள்ளே விடுவீர்கள்.

---

ஓசூர்_ஐக்யூசி

புரிந்தது. எர்த் ஒயரின் மஞ்சள் கோடு தனியாக, கிராமெட் தாலேட்டுக்கு, பெட்டி ஜிசி-எம்எஸ்ஸுக்கு, ஸ்க்ரூ 30, பாட் வில்லை ஒன்று. இந்த ஐந்தும் நாளை லேபுக்குப் போகின்றன. ரிசல்ட் வந்ததும் எண்களை இதே இழையில் போடுகிறேன்.